ஃபா லா லா: வேல்ஸ் மெட்டு ஒன்று உலகம் சுற்றிய கதை

டிசம்பர் பிறந்துவிட்டால் 'டெக் த ஹால்ஸ்' காதில் விழாமல் இருக்காது. ஷாப்பிங் மால் ஒலிபெருக்கி, பள்ளி ஆண்டு விழா, கேக் கடை, பேட்டரி போட்டால் ஆடும் சாண்டா பொம்மை, கீபோர்டு வகுப்பு என்று எங்கும் அதே மெட்டு. வரிகள் தெரியாதவர்கள்கூட, ஒவ்வொரு வரியின் முடிவிலும் வரும் 'ஃபா லா லா'வைத் தயங்காமல் சேர்ந்து பாடிவிடுவார்கள். ஆங்கிலேயர்களின் கிறிஸ்துமஸ் பாட்டு என்றுதான் நம்மில் பலர் அதை நினைத்திருக்கிறோம். ஆனால் அந்த மெட்டு முதலில் ஆங்கிலத்துக்கும் சொந்தமில்லை, கிறிஸ்துமஸுக்கும் சொந்தமில்லை. பிரிட்டனின் மேற்கு ஓரத்தில், கெல்டிக் மொழிகளில் ஒன்றைப் பேசும் வேல்ஸ் மக்கள், புத்தாண்டுக்கு முந்தைய இரவில் ஆடிப் பாடிய மெட்டு அது. 'நோஸ் காலான்' என்பது பெயர். இதைவிட வியப்பான செய்தி ஒன்றும் உண்டு. எல்லோருக்கும் பிடித்த அந்த 'ஃபா லா லா', தொடக்கத்தில் மனிதர் வாய்க்கு உரியதல்ல. அது ஹார்ப் என்ற நரம்புக் கருவியின் பங்கு.

மெட்டைப் பிரித்துப் பார்த்தால் அதன் எளிமை தெரியும். நம் சங்கராபரணத்தின் சுரங்களில் அமைந்த மெட்டு இது. முதல் வரி ப ம க ரி ச என்று படிப்படியாக இறங்கி, ரி க ச என்று அமர்கிறது. பதிலுக்கு வரும் ஃபா லா லா, ரி க ம ரி என்று எழுந்து, க ரி ச நி ச என்று முடிகிறது. மூன்றாம் வரிக்கான பதிலில் மட்டும் ஒரு விசேஷம். அதுவரை சுத்த மத்தியமமாக இருந்த 'ம', அங்கே ஒரே ஒரு முறை பிரதி மத்தியமமாக மாறுகிறது. மெட்டு மேல் ஷட்ஜம் வரை ஏறிப் பஞ்சமத்தில் வந்து நிற்கிறது. நான்காவது வரி மறுபடி முதல் வரியேதான், அதற்கான பதில் மட்டும் வேறு. ஒரு குரல் சொல்ல, இன்னொரு குரல் பதில் தர, நான்கே வரிகளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஒரு தடவை கேட்டவர் மறப்பதில்லை.

இந்தக் கேள்வி-பதில் அமைப்பு எப்படி வந்தது என்று புரிந்துகொள்ள, 18ஆம் நூற்றாண்டின் வேல்ஸ் கிராமம் ஒன்றுக்குள் நுழைய வேண்டும். குளிர்கால இரவு. நடுவில் ஹார்ப் கலைஞர் உட்கார்ந்திருப்பார். சுற்றிலும் வட்டமாக ஆண்களும் பெண்களும். ஒருவர் ஒரு வரியை எடுத்துவிடுவார், ஹார்ப் பதில் சொல்லும். அடுத்தவர் அடுத்த வரியைக் கட்ட வேண்டும், மறுபடி ஹார்ப். நம் கிராமத்து எசப்பாட்டைப் போல, சொல் தீர்ந்து தடுமாறியவர் வட்டத்தை விட்டு விலக வேண்டியதுதான். ஹார்ப் பதில் சொல்லும் அந்தச் சில நொடிகள்தான் அடுத்தவர் தன் வரியை மனதில் கட்டிக்கொள்ளக் கிடைக்கும் அவகாசம். அந்தக் காலத்தில் வேல்ஸில் சுற்றி எழுதிய தாமஸ் பென்னன்ட், ஹார்ப்பைச் சுற்றி உட்கார்ந்து முறை வைத்துப் பாடும் மலைநாட்டு மக்களைப் பற்றிப் பதிவு செய்திருக்கிறார். இரவு முழுக்கப் பாடினாலும் தீராத அளவுக்குச் செய்யுள்கள் அவர்களுக்கு மனப்பாடம்.

செய்யுள் போட்டி அந்த மண்ணில் ஆண்டு இறுதியின் இயல்பான விளையாட்டு. தெற்கு வேல்ஸில் 'மாரி லூயிட்' என்ற வழக்கம் உண்டு. குதிரையின் மண்டையோட்டை ஒரு கம்பில் செருகி, வெள்ளைத் துணி போர்த்தி, வண்ண நாடாக்களைத் தொங்கவிட்டு, ஒரு கூட்டம் வீடு வீடாகப் போகும். துணிக்குள் இருப்பவர் குதிரையின் தாடையைப் படபடவென்று அடிப்பார். வாசலில் நின்று இவர்கள் பாட்டாலேயே கேள்வி கேட்க, உள்ளே இருப்பவர்கள் கதவைத் திறக்காமல் பாட்டாலேயே பதில் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் தோற்றால் கதவு திறக்கும், குடிக்கவும் சாப்பிடவும் கிடைக்கும். புத்தாண்டு மீதான பிடிப்பும் அங்கே பலமானது. 1752-ல் பிரிட்டன் புதிய நாட்காட்டிக்கு மாறியபோது செப்டம்பரில் 11 நாட்கள் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. மேற்கு வேல்ஸின் க்வைன் பள்ளத்தாக்கு மக்களோ பழைய கணக்கை விடவில்லை. இன்றும் ஜனவரி 13 அன்றுதான் அவர்களுக்குப் புத்தாண்டு.

மெட்டு வேல்ஸுடையது. அதைத் தூக்கிச் சுமந்த கருவி வெளியூர் சரக்கு. வேல்ஸின் தேசிய இசைக்கருவியாகப் போற்றப்படும் மூவரிசை ஹார்ப் இத்தாலியில் உருவானது. 17ஆம் நூற்றாண்டில் லண்டன் அரசவைக்கு வந்தது, அங்கே இருந்த வேல்ஸ் கலைஞர்களின் கைக்கு மாறி, அவர்களோடு மலை ஏறியது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட தந்திகள் மூன்று வரிசையாக நிற்கும். வெளிப்புற வரிசைகள் இரண்டிலும் ஒரே சுரங்கள். இடைப்பட்ட அரைச் சுரங்கள் நடு வரிசையில். அவற்றைத் தொட வேண்டுமானால் வெளி வரிசைத் தந்திகளின் இடுக்கில் விரலை நுழைக்க வேண்டும். ஒரே சுரத்தை இரு கைகளாலும் இரு வரிசைகளில் மாறி மாறி மீட்டினால், எதிரொலி போல ஓர் அதிர்வு எழும். இசையமைப்பாளர் ஹாண்டெல் 1736-ல் லண்டனில் அரங்கேற்றிய புகழ்பெற்ற ஹார்ப் கன்சர்ட்டோவே பாவெல் என்ற வேல்ஸ் கலைஞரை மனதில் வைத்து எழுதியதுதான்.

ஃபா லா லா என்று பல்லவி வைக்கும் மோகமும் இத்தாலிக்காரர்கள் தொடங்கி வைத்ததே. 1591-ல் கஸ்தோல்தி என்பவர், ஆடிக்கொண்டே பாடும் சிறு பாடல்களை வெனிஸில் அச்சிட்டார். வரி முடிவில் ஃபா, லா என்று சுர அசைகள் துள்ளும். பிரதிகள் ஐரோப்பா முழுக்க விற்றுத் தீர்ந்தன. நான்கே ஆண்டுகளில், 1595-ல், லண்டனில் தாமஸ் மோர்லி அதே பாணியில் ஒரு தொகுப்பை வெளியிட்டார். சில பாடல்களை கஸ்தோல்தியின் அச்சிலேயே வார்த்தார். இங்கிலாந்து அந்தப் பாணியைத் தன்னுடையதாகவே ஆக்கிக்கொண்டது. இந்த மோர்லி நம் கதையில் மறுபடி தேவைப்படுவார்.

'நோஸ் காலான்' மெட்டு முதன்முதலில் ஏட்டில் ஏறியது 1740-களில். அந்தக் கையெழுத்துப் பிரதி ஜான் பாரி என்ற ஹார்ப் கலைஞருடையது. பிறவியிலிருந்தோ சிறுவயதிலோ கண்பார்வையற்றுப் போனவர். வடக்கு வேல்ஸில் ருவாபன் என்ற ஊரில், வின் என்ற பெரும் நிலக்கிழார் குடும்பத்தின் ஆஸ்தான கலைஞர். லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு, டப்ளின் என்று அவர் புகழ் பரவியிருந்தது. 1757-ல் அவர் கேம்பிரிட்ஜில் வாசித்தபோது கேட்டவர்களில் ஒருவர் தாமஸ் கிரே. வேல்ஸின் பழங்காலப் பாணர்களைப் பற்றிக் கவிஞர் கிரே தொடங்கிய ஒரு நெடும்பாடல் பாதியில் நின்றுபோய் இருந்தது. பாரியின் ஹார்ப்பைக் கேட்ட உற்சாகத்தில் அதை எழுதி முடித்தார். அதே ஆண்டில் அது அச்சாகி, கெல்டிக் பழமை மீது ஐரோப்பாவுக்கே ஒரு காதலைக் கிளப்பிவிட்டது. மலைநாட்டு மெட்டுகளுக்கு நகரத்தில் வாடிக்கையாளர்கள் உருவானது இப்படித்தான்.

அந்த வாடிக்கையை நன்கு புரிந்துகொண்டவர் எட்வர்ட் ஜோன்ஸ். வேல்ஸில் பிறந்து, லண்டனில் இளவரசரின் ஹார்ப் கலைஞராக உயர்ந்தவர். வேல்ஸ் பாணர்களின் இசையையும் செய்யுளையும் தொகுத்து 1784-ல் அச்சிட்டார். 1794-ல் அதை இன்னும் பெரிதாக்கினார். 'நோஸ் காலான்' அச்சுக்கு வந்தது இந்தத் தொகுப்பு வழியாகத்தான். ஜோன்ஸ் அவசரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. வேல்ஸில் அப்போது மெதடிஸ்ட் சமய எழுச்சி வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. ஆட்டமும் பாட்டும் பாவம் என்று போதகர்கள் சொல்ல, கிராமங்களில் ஹார்ப்பின் ஒலி அடங்கிக்கொண்டே வந்தது. வாய்வழியாக மட்டுமே வாழ்ந்தவை தன் கண் முன்னே அழிவதை அவர் பார்த்தார், வருந்தி எழுதினார், முடிந்தவரை காகிதத்தில் ஏற்றினார். அவர் அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் பல மெட்டுகள் நமக்குப் பெயரளவில்கூட மிஞ்சியிருக்காது.

மெட்டை வியன்னாவுக்கு அனுப்பிவைத்தவர் ஓர் அரசாங்க குமாஸ்தா. எடின்பரோவில் தொழில் வளர்ச்சி வாரியம் ஒன்றில் கணக்கும் கடிதமும் எழுதிக்கொண்டிருந்த ஜார்ஜ் தாம்சன், நாட்டு மெட்டுகளைப் பெரிய இசைமேதைகளைக் கொண்டு மெருகேற்றி விற்கும் ஆசை கொண்டவர். ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் மெட்டுகளைக் கட்டுக் கட்டாக ஹைடனுக்கும் பிறகு பீத்தோவனுக்கும் அனுப்பினார். நெப்போலியன் போர்கள் நடந்த காலம் அது. வியன்னாவிலிருந்த பிரிட்டிஷ் தூதரக அதிகாரி மூலம் தாள்கள் போய் வந்தன. ஹைடன் 'நோஸ் காலானு'க்கும் பியானோ, வயலின், செல்லோ பக்கவாத்தியம் அமைத்தார். இதில் இரண்டு சுவையான சங்கதிகள். தாம்சன் மெட்டை மட்டுமே அனுப்புவார், பாடல் வரிகளைப் பிறகுதான் வேறு கவிஞர்களிடம் எழுதி வாங்குவார். ஆகவே என்ன பாட்டு என்று தெரியாமலே மேதைகள் இசையமைத்தார்கள். அத்தோடு, உடல் தளர்ந்துபோன ஹைடன், தன் பெயரில் போன வேலைகள் சிலவற்றைத் தன் மாணவர் நாய்கோமிடம் கொடுத்து முடித்தார். தாம்சனின் வேல்ஸ் தொகுப்பின் முதல் பகுதி 1809-ல் வெளிவந்தது.

சொல்லை உதிர்த்துவிட்டு மெட்டு மட்டும் கடல் கடப்பது அந்தக் காலகட்டத்தில் பரவலாக நடந்தது. அதன் ஓர் அலை சென்னைக் கரையையும் தொட்டது. மணலியில் வாழ்ந்த இளம் முத்துசுவாமி தீட்சிதர், புனித ஜார்ஜ் கோட்டையில் கம்பெனி பேண்டு வாசித்த மேற்கத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். சங்கராபரணத்தில் அமைந்த அந்த நோட்டுஸ்வரங்களில் ஐரிஷ், ஸ்காட்டிஷ் நாட்டு மெட்டுகளும் உண்டு. பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு அவர் கையில் 'சந்ததம் பாஹிமாம்' ஆனது. எடின்பரோவில் தாம்சன் செய்ததும் மணலியில் தீட்சிதர் செய்ததும் ஒரே காலத்தில் நடந்த ஒரே வகைக் காரியம். வெறுங்கையோடு வந்த மெட்டுக்கு ஊரிலே சொல் கொடுத்தார்கள்.

'நோஸ் காலானை' கிறிஸ்துமஸ் பாட்டாக்கிய ஆண்டு 1862. இங்கே மூன்று பேர் சேர்கிறார்கள். முதலாமவர் ஜான் தாமஸ், தெற்கு வேல்ஸில் ஒரு தையற்காரரின் மகன். பன்னிரண்டு வயதில் ஒரு போட்டியில் மூவரிசை ஹார்ப்பைப் பரிசாக வென்றவர். லண்டன் ராயல் அகாடமியில் அவர் படிக்கக் கட்டணத்தின் பெரும்பகுதியைக் கொடுத்தவர், உலகின் முதல் கணினி நிரலை எழுதியவராகப் போற்றப்படும் ஏடா லவ்லேஸ். கவிஞர் பைரனின் மகளான ஏடாவுக்கு ஹார்ப் மீது அவ்வளவு ஈடுபாடு. அந்தப் பையன் வளர்ந்து, 1862-ல் லண்டனில் நானூறு பாடகர்களையும் இருபது ஹார்ப்களையும் மேடையேற்றி வேல்ஸ் இசைக்கென்றே ஒரு கச்சேரி நடத்தினார். அதே ஆண்டில் வேல்ஸ் மெட்டுகளின் தொகுப்பையும் வெளியிட்டார்.

அந்தத் தொகுப்பில் வேல்ஸ் மொழி வரிகளை எழுதியவர் தல்ஹையார்ன் என்ற புனைபெயர் கொண்ட கவிஞர். தொழிலால் கட்டடக் கலைஞர், கிரிஸ்டல் பேலஸைக் கட்டிய ஜோசப் பாக்ஸ்டனிடம் வேலை பார்த்தவர். ஆங்கில வரிகளை எழுதியவர் தாமஸ் ஆலிஃபன்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர். இவர் யார் என்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது. லண்டனில் பழம்பாடல் ரசிகர்களின் மேட்ரிகல் சங்கத்தை நீண்ட காலம் நடத்தியவர். பிரிட்டிஷ் மியூசியத்தின் பழைய இசைச் சுவடிகளுக்குப் பட்டியல் தயாரித்தவர். மோர்லியின் ஃபா லா பாடல்களில் ஊறித் திளைத்தவர். ஹார்ப் பதில் சொல்ல வேண்டிய இடங்களில் ஃபா லா லாவைப் பார்த்ததும் அவருக்குக் கை பரபரத்திருக்காதா! மூல வரிகளை அவர் மொழிபெயர்க்கவில்லை. பசுமை மாறாத ஹாலி இலைகளால் வீட்டை அலங்கரிப்பது, குளிர்காலக் கொண்டாட்டம், தேன்மது, பீப்பாய் என்று முற்றிலும் புதிதாக எழுதினார். கிறிஸ்துமஸையும் உள்ளே கொண்டுவந்தார். டிக்கன்ஸின் கதைகளைப் படித்து, வீட்டுக்குள் மரம் நட்டு, வாழ்த்து அட்டை அனுப்பப் பழகியிருந்த விக்டோரியா காலத்து இங்கிலாந்துக்கு அந்த வரிகள் கச்சிதமாகப் பொருந்தின.

அடுத்த தாவல் அட்லாண்டிக்கைக் கடந்து பென்சில்வேனியாவுக்கு. அங்கே லங்காஸ்டர் நகரில் ஜே. பி. மெக்காஸ்கி என்ற பள்ளி ஆசிரியர், மாநில ஆசிரியர்களுக்கான 'பென்சில்வேனியா ஸ்கூல் ஜர்னல்' இதழை நடத்திவந்தார். ஒவ்வொரு இதழிலும் வகுப்பில் பாட ஒரு பாட்டு இருக்கும். 1877 டிசம்பரில் இந்தப் பாட்டின் முறை வந்தது. மதுவிலக்கு இயக்கம் அமெரிக்கா முழுக்கக் கொடிகட்டிப் பறந்த பத்தாண்டு அது, பாடப்போவது குழந்தைகள். ஆகவே தேன்மதுவும் பீப்பாயும் போய், அந்த இடத்தில் பண்டிகைக்குப் புத்தாடை உடுத்துவது வந்தது. நாம் இன்று பாடுவது இந்தப் பள்ளிக்கூட வடிவத்தைத்தான். மெக்காஸ்கி நியூயார்க்கின் ஹார்ப்பர் பதிப்பகம் மூலம் 1881-ல் தொடங்கிய பாடல் தொகுப்பிலும் அதைச் சேர்த்தார். பள்ளிகள், தேவாலயப் பாடகர் குழுக்கள், வீட்டு பியானோக்கள் என்று அது நாடெங்கும் பரவியது. ஒரு பாட்டுக்குப் பள்ளி ஆசிரியர்களைவிடச் சிறந்த விநியோகஸ்தர் கிடையாது.

20ஆம் நூற்றாண்டில் இசைத்தட்டும் வானொலியும் கடைகளின் பின்னணி இசையும் வந்தபோது, இந்த மெட்டு தயாராகக் காத்திருந்தது. யாருக்கும் உரிமைத்தொகை கட்ட வேண்டாம். சொல்லை எடுத்துவிட்டாலும் அடையாளம் தெரியும். பாட்டுப்பெட்டியிலும் வாழ்த்து அட்டைக்குள் ஒளிந்த சிறு சிப்பிலும் அடங்கும். நகல்களும் பெருகின. 'போகோ' என்ற புகழ்பெற்ற அமெரிக்கப் படக்கதைத் தொடரில் வால்ட் கெல்லி, சதுப்புநிலத்து விலங்குகள் பாடுவதாக இதே மெட்டில் அர்த்தமே இல்லாத ஒரு பாட்டை எழுத, வாசகர்கள் அதை மனப்பாடமே செய்துவிட்டார்கள். 1984-ல் நெப்ராஸ்காவின் சிப் டேவிஸ், லாரி ஓட்டுநர்களைப் பற்றிய 'கான்வாய்' பாட்டுக்கு முன்பு இசையமைத்தவர், தன் மான்ஹைம் ஸ்டீம்ரோலர் குழுவின் கிறிஸ்துமஸ் ஆல்பத்தை சின்தசைசர் முழங்கும் 'டெக் த ஹால்ஸு'டன் தொடங்கினார். கிறிஸ்துமஸ் இசையில் மின்னணு ஒலிக்கு அது பெரிய வாசலைத் திறந்தது.

மெட்டு உலகைச் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில், அதைப் பெற்ற மூவரிசை ஹார்ப் வேல்ஸில் கிட்டத்தட்ட ஊமையாகிவிட்டது. காலால் சுரம் மாற்றும் புதிய ஹார்ப் வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பழைய கருவியை விடாமல் வைத்திருந்தவர்களில் முக்கியமானவர்கள், ஊர் ஊராகச் சென்று வாசித்து வாழ்ந்த ரோமா மக்கள், குறிப்பாக ஏப்ரம் வுட் என்பவரின் வழித்தோன்றல்கள். ரோமாக்களின் முன்னோர் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் வடமேற்கிலிருந்து புறப்பட்டவர்கள் என்பதை மொழியியலும் மரபணு ஆய்வும் உறுதி செய்திருக்கின்றன. வெனிஸ் பாணிப் பல்லவி, இத்தாலிய ஹார்ப், வேல்ஸ் மெட்டு, அதைக் காத்த இந்திய வம்சாவளி விரல்கள்! பண்ணை வீட்டுக்கு வந்துபோன ரோமா கலைஞர்களைக் கேட்டு வளர்ந்தவர் நான்சி ரிச்சர்ட்ஸ். 1888-ல் பிறந்து 1979 வரை வாழ்ந்தார். ஹார்ப்பை இடது தோளில் சாய்த்து வாசிக்கும் வேல்ஸின் பழைய முறையை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றியவர் அவர். இன்று மூவரிசை ஹார்ப்பை இளைஞர்கள் மீண்டும் கற்கிறார்கள்.

வேல்ஸில் இன்றும் 'நோஸ் காலான்' தனி வாழ்க்கை வாழ்கிறது. ரயில் நிலைய அதிகாரியாக வேலை பார்த்த கவிஞர் கேரியோக் 19ஆம் நூற்றாண்டில் எழுதிய வரிகளும், பிறகு நாட்டுப்புறப் பாடகர்கள் சேர்த்தவையும் பாடப்படுகின்றன. மலைகளின் மேல் அன்பு, வரும் ஆண்டுக்கு வாழ்த்து, பண்டிகை நேரத்தில் வந்து சேரும் கடன் பில்கள் பற்றிய கவலை எல்லாம் அதில் உண்டு. 1980-களிலிருந்து பாடகி லொரீனா மெக்கென்னிட், அயர்லாந்தின் சீஃப்டன்ஸ் குழு போன்றோரின் ஆல்பங்களால் 'கெல்டிக் கிறிஸ்துமஸ்' உலகச் சந்தையில் தனி வகையாகவே ஆகிவிட்டது. அதைத் தேடிக் கேட்கும் பலருக்கு, மாலில் தினமும் ஒலிக்கும் அந்தப் பாட்டே ஓர் அசல் கெல்டிக் மெட்டு என்பது தெரியாது. இந்தப் பாட்டோடு வேல்ஸ் மக்களின் பெயரும் சேர்ந்து சொல்லப்பட வேண்டும் என்பது என் ஆசை.

இத்தனை பேர் கை வைத்தும் மாறாமல் நின்றது எது? வரிகள் போயின, பண்டிகை மாறியது, மொழி மாறியது, மது நீக்கப்பட்டது, ஹார்ப்பே காணாமல் போனது. மிஞ்சியது பொருளற்ற அந்த ஃபா லா லா மட்டும். அடுத்தவர் வரி கட்டும்வரை ஹார்ப் காத்திருந்த இடம் அது. புதிதாக வருபவருக்கு இடம்விடும் அந்தக் குணத்தால்தான் எந்த நாட்டுக்காரரும் அதற்குள் நுழைய முடிந்தது. எனவே பள்ளிகளில் பாட்டுச் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த டிசம்பரில் ஃபா லா லாவை வீணைக்கோ புல்லாங்குழலுக்கோ கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு வரியைத் தமிழில் சொந்தமாகக் கட்டிப் பாடச் சொல்லுங்கள். ருவாபனின் ஜான் பாரிக்குத் தெரிந்த ஆட்டம் அதுதான். விதிகளும் அவ்வளவுதான்.